விருந்தாளியின் நித்திரை

பின்னேரம் ஏழு மணிக்கு, வெயில் இன்னும் எதிர்வீட்டுக் கூரையில் பளிச்சென்று நிற்கும்போது, நான் நித்திரைக்குப் போகிறேன். சுவிற்சர்லாந்தில் கோடைகாலத்து வெயில் ஒன்பது மணி தாண்டியும் போகாது. கீழே முற்றத்தில் பிள்ளைகள் பந்தடிப்பார்கள். யாரோ இறைச்சி சுடுகிற மணம் வரும். நான் மட்டும் யன்னலின் ரோலாடனை, அதாவது மேலிருந்து கீழே உருட்டி விடுகிற மறைப்பை, கடகடவென்று இறக்கி அறையை இருட்டாக்கிவிட்டுக் கட்டிலில் ஏறுவேன். பேக்கரியில் வேலை. ஊர் எழும்பமுதல் பாண் வெந்திருக்கவேண்டும் என்றால், பாண் சுடுகிறவன் ஊர் படுக்கமுதல் படுக்கத்தான் வேண்டும். இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். தலைமாட்டில் கைத்தொலைபேசியை வைத்து, வேறு எந்தச் சத்தமும் வராதபடி அதன் வாயைக் கட்டிவிட்டு, கடல் சத்தத்தை ஓடவிட்டால்தான் எனக்குக் கண் மூடும். எந்தப் பக்கம் நடந்தாலும் மலையில் போய் முட்டுகிற, கடலே இல்லாத ஒரு நாட்டில், மாதக் கணக்காக ஒருவன் கடலை ஓடவிட்டுப் படுக்கிறான். ஊரில் இருந்து வாசிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

கீழ்வீட்டு ஃப்ராவ் கெல்லருக்கு முதலில் சிரிப்பு வரவில்லை. ஒருநாள் காலை வேலை முடிந்து மாவும் வியர்வையுமாகப் படியேறி வருகிறேன், மனுசி வாசலில் காத்து நிற்கிறார். எழுபது வயது தாண்டியவர், தலைமயிர் ஒன்றுகூடக் கலையாதவர். "ஹேர் யோசெஃப், உங்கள் வீட்டில் இரவு முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது. குழாய் வெடித்திருக்கிறது. என் முகட்டில் ஈரம் பிடித்தால் யார் பொறுப்பு?" என்றார். என் பெயர் சூசை. இங்கே அதை யோசெஃப் என்று மாற்றிக் கூப்பிடுகிறார்கள், நானும் விட்டுவிட்டேன். குழாய் இல்லை, கடல், என்று எனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. குளியலறையைத் திறந்து காட்டினேன். அதுவும் போதவில்லை. கடைசியில் கைத்தொலைபேசியை எடுத்து அவர் காதோடு பிடித்தேன். மனுசி கண்ணை மூடிக் கேட்டார். நடுவில் திடுக்கிட்டார்.

"இதில் யாரோ ஒரு ஆள் கத்துகிறாரே!"

"அது நான்தான். காகம் விரட்டுகிறேன்."

"விடுமுறையிலா?"

ஓம் என்றும் சொல்லமுடியாமல் இல்லை என்றும் சொல்லமுடியாமல் தலையை ஒருமாதிரி ஆட்டினேன். அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. தானும் புருசனும் முந்தி இத்தாலிக் கடற்கரைக்குப் போவார்களாம், கடலுக்குப் பக்கத்தில் படுத்தால் வருகிற நித்திரை வேறெங்கும் வராதாம். "அப்படி ஒரு இடத்தில் பிறந்த நீங்கள் கொடுத்துவைத்தவர். அங்கே எல்லோரும் எவ்வளவு நிம்மதியாகத் தூங்குவார்கள்!" என்று என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் கதவைச் சாத்திவிட்டு, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், வெட்கத்தில் காது சுட அப்படியே நின்றேன்.

ஏன் வெட்கம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த நாட்டுக்கு வந்த நாள்முதல் எனக்கு நித்திரை ஒழுங்காக இருந்ததில்லை. சண்டைக் காலத்தில் ஊர்ச் செய்தி கேட்டு வராமல் போனது. சண்டை முடிந்த பிறகாவது வரும் என்று பார்த்தால் அதற்குப் பிறகும் வரவில்லை. வைத்தியர் குளிசை தந்தார். குளிசை போட்டால் அடுத்தநாள் மாவுக்குள் உப்பை இரண்டுதரம் கொட்டுவேன். பிறகு அவரே, கைத்தொலைபேசியில் கடல் சத்தம் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள் என்றார். கேட்டேன். அது எங்கள் கடல் இல்லை. பாறையில் பெரிதாக மோதி இடிக்கிற ஏதோ ஒரு சமுத்திரம். எங்கள் கடல் அப்படிக் கத்தாது. மன்னாருக்கு வடக்கே, வெள்ளாங்குளத்திலிருந்து மேற்கே இறங்கினால் வருகிற கரை எங்களுடையது. தண்ணீர் இடுப்பளவுக்குக் கனதூரம் போகும். அலை என்று சொல்ல ஒன்றும் இராது. கரையை நக்கி நக்கிப் போகும், அவ்வளவுதான். என் மனைவி வதனி வவுனியாப் பக்கத்து வயல்காரரின் பிள்ளை. "உங்களுக்குக் கடல் இல்லாட்டி நித்திரை இல்லை, எனக்கு உங்கட கடலால நித்திரை இல்லை. நல்ல பொருத்தம் பாத்துத்தான் கட்டி வைச்சிருக்கினம்" என்பாள். அவளுக்குப் பின்னேரங்களில் கந்தோர்கள், அதாவது அலுவலகங்கள், துப்புரவாக்குகிற வேலை. அவள் வீடு திரும்பும்போது நான் படுத்திருப்பேன். அவள் எழும்பும்போது நான் வேலையில் நிற்பேன்.

சண்டை முடிந்து, சனத்தை முகாம்களிலிருந்து விட்டு, ஊருக்குத் திரும்பிக் குடியேறலாம் என்று சொல்லி ஓரிரு வருடம் போனபின் ஓர் ஆவணி மாதம் நான் ஊருக்குப் போனேன். பத்தொன்பது வயதில் வெளிக்கிட்டவன் தலை நரைத்துப் போய் இறங்குகிறேன். அப்பாவும் அம்மாவும் இல்லை. இருந்தது ஒரே தங்கச்சி ஸ்ரெல்லாவும் அவளுடைய புருசன் மரியதாசும் இரண்டு பெண்பிள்ளைகளும். அவர்கள் பட்ட பாட்டை நான் தொலைபேசியில் துண்டு துண்டாகக் கேட்டவன். முதலில் மடுக்கோயிலுக்கு ஓடினார்கள். பிறகு வெள்ளாங்குளத்தில் மரத்தின் கீழ் இருந்தார்கள். பிறகு கிழக்கே, இன்னும் கிழக்கே. கடைசியில் முகாம். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் இருந்ததாம். அந்தக் கிணற்றை அடையாளம் வைத்துத்தான் யாருடைய வளவு எது என்று ஊரே பிரித்துக்கொண்டதாம். நான் போனபோது உதவித்திட்டத்து வீடு பாதி எழும்பியிருந்தது. ஓர் அறைக்குத்தான் கதவு போட்டிருந்தார்கள். மற்றப் பக்கம் தகரம். கடற்கரைக்கும் அந்த அறைக்கும் இடையில் நாலைந்து பனைகளும் மீன் காயப்போடுகிற பந்தலும் மட்டும்தான்.

அந்த அறையைத்தான் எனக்குத் தந்தார்கள். மெத்தை புதிது, பொலித்தீன் உறைகூடக் கழற்றவில்லை. யன்னலுக்கு இன்னும் கதவு வரவில்லை என்று ஸ்ரெல்லா தன் நல்ல சேலையொன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அவர்கள் நாலு பேரும் எங்கே படுக்கிறார்கள் என்று கேட்டேன். "எங்களுக்கு அடுப்படிக் கொட்டில் காணும் அண்ணை. நீங்கள் களைச்சு வந்தனீங்கள், படுங்கோ" என்றாள். மறுத்துப் பார்த்தேன். மரியதாஸ் வந்து, "மச்சான், நீங்கள் கீழ படுத்தா ஊர் என்னைப் பாத்துத்தான் சிரிக்கும். சும்மா இருங்கோ" என்றான். கடலுக்குப் போய்வருகிறவனின் குரல், காற்றுக்கு மேலே பேசிப் பழகிய குரல். வேறு பேச்சில்லை. படுத்தேன்.

அப்படி ஒரு நித்திரை! எங்கே கிடக்கிறேன், எந்த நாடு, என்ன வயது, ஒன்றும் தெரியாத நித்திரை. சேலையை ஊதித் தள்ளிக்கொண்டு தென்மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று வந்தது. அதற்குப் பின்னால் கடல் கரையை நக்குகிற அந்தச் சத்தம், என் சின்ன வயதுச் சத்தம். முதல்நாள் எழும்பியபோது உச்சி வெயில். இரண்டாம் நாளும் அப்படியே. எனக்கு வந்த சந்தோசத்தைப் பொத்தி வைக்கத் தெரியவில்லை. கடைக்குப் போனால் கடையில், கோயிலுக்குப் போனால் கோயில் வாசலில், கண்டவர் நிண்டவர் எல்லோரிடமும் என் நித்திரையைப் பற்றித்தான் சொன்னேன். "நீங்கள் எல்லாரும் குடுத்து வைச்சனீங்கள். இந்தக் கடற்கரையில கிடந்து நித்திரை கொள்ள அங்க வெள்ளைக்காரன் காசு கட்டுவான்" என்றேன். இப்போது நினைத்தால் என் வாயில் நானே போடவேண்டும் போலிருக்கிறது. முகாமிலிருந்து வந்த சனத்தைப் பார்த்துச் சொல்கிற கதையா இது? ஃப்ராவ் கெல்லரை ஏன் குறை சொல்வான், அவருக்கு முந்தியே நான் அதைச் சொல்லிவிட்டேன். ஊர்ச்சனம் மரியாதைக்காரர். "ஓம் தம்பி, நல்ல காத்துத்தானே" என்று சொல்லி விட்டுவிட்டார்கள்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அந்தக் காற்றுக் காலத்தில் பொழுதுபட முன்னம் போன போட்டுகள் சாமத்துக்குள் கரைக்கு வந்துவிடும். எல்லாம் வந்து ஒன்று மட்டும் வராவிட்டால், கரையில் நிற்கிறவர்களில் மூத்தவர் ஒருவர் ஒழுங்கை ஒழுங்கையாகப் போய் ஒவ்வொரு கதவாகத் தட்டுவார். சும்மா தட்டிவிட்டுப் போகமாட்டார். அந்த வீட்டு ஆம்பிளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். உள்ளே இருந்து "எழும்பீட்டன்" என்று பதில் வரவேண்டும். பதில் கேட்கும்வரை அவர் அந்த வாசலை விட்டு அசையமாட்டார். பிறகுதான் அடுத்த வீடு. போட் திரும்பி வரும்வரை ஊரில் ஒருவரும் பாயில் முதுகு வைக்கக்கூடாது. நாலைந்து பேர் தேடப் போவார்கள், சிலர் பனையோலைச் சூள் கொளுத்திப் பிடிப்பார்கள், பெண்கள் செபமாலை சொல்லுவார்கள். ஒன்றும் செய்ய இல்லாதவர்கள் சும்மா குந்தியிருப்பார்கள். ஆனால் விழித்திருப்பார்கள். கடலில் தவிக்கிறவனுக்குக் கரையில் ஒருவனும் நித்திரை கொள்ளவில்லை என்று தெரியவேண்டுமாம், அதுதான் கணக்கு. எனக்குப் பதினாறு வயதிருக்கும்போது ஒருநாள் அப்படிக் கதவு தட்டுப்பட்டது. அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள், அப்பா பதில் சொன்னார். தட்டினவர் போய்விடுவார் என்று நினைத்து நான் திரும்பிப் படுத்தேன். அவர் போகவில்லை. "சூசை!" என்றார். என் பெயர். முதல்முறை. பாயில் எழும்பி இருந்தேன். அப்பா இருட்டுக்குள் சிரிக்கிறது கேட்டது. "எழும்பீட்டன்" என்று கத்திவிட்டு ஓடினேன். அன்றைக்கு நான் செய்ததெல்லாம் மணலில் நடுங்கிக்கொண்டு நின்றதுதான். ஆனாலும் அந்த ஊரில் எனக்கு இடமிருக்கிறது என்று என் உடம்புக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். சுவிஸ் கடவுச்சீட்டு கையில் கிடைத்த நாளில்கூட அந்தப் பெருமையில் பாதி வரவில்லை.

ஊரில் என் மூன்றாம் நாள் விடிந்தது. விடிந்ததோ, நன்றாக ஏறிவிட்டதோ, நான் எழும்பினேன். வீட்டில் ஒருவரும் இல்லை. வாசலில் கதிரையொன்றின் மேல் தேத்தண்ணிப் பிளாஸ்க்கும் மூடி வைத்த கோப்பையும் இருந்தன. கடற்கரைப் பக்கம் சனக்கூட்டம் தெரிந்தது. அரைக் காற்சட்டையோடு, தோளில் துவாயோடு, பல்லுத் தீட்டிக்கொண்டே இறங்கிப் போனேன். ஊர் முழுக்க மணலில் இருந்தது. பெண்கள், பிள்ளைகள், ஊன்றுதடி வைத்திருந்த கிழவர்கள், எல்லோரும். எரிந்து தீர்ந்த சூள்கள் அங்கங்கே கிடந்தன. அதையெல்லாம் என் கண் பார்த்தது, மூளைக்குப் போகவில்லை. ஸ்ரெல்லாவைக் கண்டதும் நுரையைத் துப்பிவிட்டு, எல்லோருக்கும் கேட்க, "என்னடி, இண்டைக்கு என்ன திருநாளோ? அப்பா, இப்பிடி ஒரு நித்திரை என்ர சீவியத்தில கொண்டதில்லை!" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் கோபிக்கவும் இல்லை. செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்களின் உதடு ஒரு கணம் நின்று திரும்பவும் அசைந்தது. ஸ்ரெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன.

"நல்லம் அண்ணை. தேத்தண்ணி பிளாஸ்கில ஊத்தி வைச்சனான். குடிச்சியளோ?"

"ஏன், என்ன இது? ஏன் எல்லாரும் இஞ்ச?"

அவள் திரும்பவும் கடலைப் பார்த்தாள். அவளுடைய சின்னவள்தான் சொன்னாள். "மாமா, அப்பா இன்னும் வரேல்லை."

பிரஷ் என் கையிலேயே இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. காற்சட்டைப் பையில் போடப் பார்த்தேன், போகவில்லை. கடைசியில் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, களவெடுத்தவன் மாதிரி, என் தங்கச்சிக்குப் பக்கத்தில் நின்றேன். சாமத்திலிருந்து அவர்கள் அங்கே இருந்திருக்கிறார்கள். என் வீட்டு மனிதன்தான் வரவில்லை. நான் என் தங்கச்சியின் ஒரே ஒரு நல்ல அறையில் பொலித்தீன் மெத்தையில் கிடந்து குறட்டை விட்டிருக்கிறேன். மரியதாசுக்கு ஏதும் ஆகியிருந்தால், அந்தக் கரையில் நான் சொன்னதென்று சீவியம் முழுக்க நிற்கப்போகிற வசனம் அதுதான்: இப்படி ஒரு நித்திரை கொண்டதில்லை.

கடவுள் இரக்கம் வைத்தார். கொஞ்ச நேரத்தில் வடக்கே ஒரு புள்ளி தெரிந்தது, பிறகு இரண்டு. தேடிப்போன போட் மரியதாசின் போட்டைக் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வந்தது. இந்தியப் பக்கத்து ரோலர்கள், அந்தப் பெரிய இழுவைப் படகுகள், அறுத்துவிட்ட வலைத்துண்டு தண்ணீருக்கடியில் கிடந்து எஞ்சினின் விசிறியில் சுற்றிக்கொண்டதாம். எஞ்சின் நின்று, காற்று இழுத்த பக்கம் போய்விட்டார்கள். மரியதாஸ் இடுப்பளவு தண்ணீரில் குதித்து நடந்து வந்தான். உதடு வெடித்திருந்தது. ஸ்ரெல்லா அவனைத் தொடக்கூட இல்லை. "வலை?" என்று மட்டும் கேட்டாள். "போச்சு" என்றான். அவள் தலையாட்டினாள். அதற்குப் பிறகு அப்படியே மணலில் இருந்துவிட்டாள். அவன் என்னைக் கண்டு சிரித்தான். "மச்சான், நித்திரைக்கு ஒரு குறையும் இல்லையே? எங்கட சத்தத்தில எழும்பியிடுவியளோ எண்டு யோசிச்சன்" என்றான். பகிடியாகத்தான். அவன் குத்திச் சொல்கிற ஆள் இல்லை. அதுதான் கூடக் குத்தியது.

முந்தின இரவு கதவு தட்டப் போனவர் பேதுரு அண்ணை. என் பதினாறு வயதில் என் பெயரைக் கூப்பிட்டவரின் மகன். என்னை விடப் பத்து வயது மூத்தவர். சனம் கலையும்போது அவர் கையைப் பிடித்துக் கேட்டேன்.

"அண்ணை, ஏன் என்னைக் கூப்பிடேல்லை?"

அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். "வந்தனான் தம்பி. பொய் சொல்லேல்லை, உம்மட வாசலுக்கு வந்து கையும் ஓங்கினனான். உம்மட பேர் வாய்க்குள்ள வந்திட்டுது. பிறகு யோசிச்சன், எழுப்பி என்ன செய்யிறது? போட்டில ஏத்தினா உம்மையும் சேத்தெல்லோ நாங்கள் பாக்கவேணும். நீர் நாலு நாளைக்கு வந்த ஆள். படுக்கட்டும் எண்டு விட்டிட்டன்."

"கரையிலயாவது நிண்டிருப்பன்."

"அதுக்கென்ன தம்பி. நீர் சுகமாப் படுத்தா எங்களுக்குச் சந்தோசம்தானே."

பிறகு சின்னவள் சொல்லித்தான் மிச்சமும் தெரிந்தது. நான் எழும்பிவிடுவேன் என்று செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு என் யன்னலடியால் போனார்களாம். தகப்பன் வரவில்லை என்று அழத் தொடங்கிய மூத்தவளின் வாயைத் தாய் பொத்திக்கொண்டு போனாளாம். பக்கத்து வளவுகளில் சத்தமாகத் தட்டின பேதுரு அண்ணை எங்கள் வீட்டைத் தாண்டும்போது மட்டும் மெல்லமாக நடந்தாராம். என் நித்திரையை ஊரே காவல் காத்திருக்கிறது. தாய் வாயில் கை வைத்து அடக்கின என் மருமகளின் அழுகையின் பக்கத்தில்தான் நான் கடலைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். வெட்கம் என்று எழுதுகிறேன், வேறு சொல் வருகிறதில்லை. திட்டியிருந்தால் தாங்கலாம். உபசரித்துவிட்டார்கள்.

போட் வந்துவிட்டால் முழித்திருந்தவர்கள் படுக்கலாம். அதுவும் வழக்கத்தின் பாதி. அன்று காலை ஊர் முழுக்கப் படுத்தது. வெயில் எரிக்கிறது, எல்லாக் கதவும் திறந்து கிடக்கிறது, உள்ளே எல்லோரும் நித்திரை. மர நிழலில் ஆட்கள், வலைக்குவியலுக்கு மேல் ஆட்கள். நாய்கூட எழும்பிக் குரைக்கவில்லை. ஸ்ரெல்லாவும் மரியதாசும் பிள்ளைகளும் அடுப்படிக் கொட்டிலில் ஒருவர் மேல் ஒருவர் கால் போட்டுக் கிடந்தார்கள். ஊரில் நித்திரை வராத ஒரே ஆள் நான்தான், ஏனென்றால் வேண்டியது கொண்டுவிட்டேனே. என்ன செய்வதென்று தெரியாமல் அங்கும் இங்கும் நடந்தேன். காயப்போட்ட மீனில் காகங்கள் இறங்கத் தொடங்கின. ஒரு பனை மட்டையை எடுத்துக்கொண்டு விரட்டினேன். எங்கள் பந்தலில் விரட்டினால் பக்கத்துப் பந்தலில் இறங்கும். அங்கே ஓடினால் அதற்கு அடுத்ததில். உச்சி வெயில் வரைக்கும் அந்த ஊர்க் கருவாடு முழுவதையும் நான் காவல் காத்தேன், சுவிசில் வாங்கின அரைக் காற்சட்டையோடு. அந்த ஊருக்கு நான் செய்த ஒரே உதவி அதுதான். களைத்துப்போய் மணலில் இருந்தபோது கைத்தொலைபேசியை எடுத்துக் கடல் சத்தத்தைப் பதிந்தேன். மனிதர் பேச்சுச் சத்தம் ஒன்றும் அதில் இல்லை. ஃப்ராவ் கெல்லர் அதைத்தான் நிம்மதி என்று கேட்டார். நிம்மதி இல்லை, என்னைத் தவிர எல்லோரும் ஒருவனுக்காக முழித்திருந்து களைத்த களை அது. நடுவில் ஒரு இடத்தில் "சூ! சூ!" என்று என் குரல் கேட்கும்.

பின்னேரம் ஸ்ரெல்லா எழும்பி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். மரியதாஸ் வலை கேட்டுத் தமையனிடம் போயிருந்தான். நான் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"நீ எண்டாலும் என்னை எழுப்பியிருக்கலாம்."

"எழுப்பி? நீங்களும் சேந்து பயப்பிடவோ? அங்க நித்திரை இல்லை, நித்திரை இல்லை எண்டு எத்தினை வருசமாப் போனில அழுதனீங்கள். இஞ்ச வந்தாவது கொள்ளட்டும் எண்டு பாத்தன்." கத்தியைத் தண்ணீரில் அலசினாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள். "கடற்கரையில நித்திரை நல்லா வரும் எண்டு கடை வழிய எல்லாம் சொல்லித் திரிஞ்சியளாம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவர் கடலுக்குப் போற நாளில நான் ஒரு கண் மூடுறேல்லை அண்ணை. காத்துக் கொஞ்சம் மாறினாலும் எழும்பி இருந்திடுவன். ஒண்டு சொல்லட்டே, ஆருக்கும் சொல்லாதேங்கோ. சொல்லவே வெக்கமாக் கிடக்கு. நான் நல்லா நித்திரை கொண்டது முகாமிலதான். அங்க கடல் இல்லை. அவர் பக்கத்தில கிடந்தார். எல்லாரும் எப்ப ஊருக்கு விடுவினம் எண்டு அழுதுகொண்டிருக்கேக்க, விடாட்டியும் பரவாயில்லை எண்டு ஒரு எண்ணம் எனக்குள்ள வந்தது. மாதா மன்னிக்கவேணும்."

அண்ணனும் தங்கச்சியும் ஆளுக்கொரு வெட்கத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்த மீனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தோம். ஆனால் இரண்டும் ஒன்றில்லை. அவளுக்கு அங்கே நித்திரை வந்தது அவன் கையெட்டும் தூரத்தில் கிடந்ததால். எனக்கு இங்கே வந்தது எனக்கென்று கடலில் ஒருவரும் இல்லாததால். மரியதாஸ் இருந்தும், எனக்கென்று ஒருவரும் இல்லை என்று நான் நினைத்ததால்.

வெளிக்கிடுகிற அன்று அவளிடம் ஒன்று கேட்டேன். இனிமேல் ஒரு போட் வராவிட்டால், எந்த நேரமென்றாலும், எனக்கும் ஒரு அழைப்பு எடுக்கவேண்டும். "நீங்கள் அங்கயிருந்து என்ன செய்வியள்?" என்று சிரித்தாள். ஒன்றும் செய்யமாட்டேன், முழித்திருப்பேன் என்றேன். அவள் சிரிப்பை விட்டுவிட்டாள். "பேதுரு அண்ணையிட்டைச் சொல்லிவிடுறன்" என்றாள். பேதுரு அண்ணை சரி என்றாராம். அதற்குப் பிறகு மாதங்கள் போயின. அழைப்பு வரவில்லை, வராதது நல்லதுதானே என்று இருந்தேன். சத்தியமாக, மறந்துவிடவில்லை. பாண் மாவைப் பின்னும்போதெல்லாம் அந்த நினைப்பு வந்து போகும். ஆனால் நித்திரைக்குப் போகிறபோது கைத்தொலைபேசியின் வாயைக் கட்டிவிட்டுப் போகிற பழக்கம் எனக்கு அதற்கும் முந்தியது. அதை யோசிக்கவேயில்லை.

போன கிழமை ஒருநாள் வேலைக்கு எழும்பக் கைத்தொலைபேசி அடித்தது. கடலை நிற்பாட்டிவிட்டுப் பார்க்கிறேன், ஸ்ரெல்லாவின் அழைப்புகள் வரிசையாகக் கிடக்கின்றன. கீழே ஒரு குரல் செய்தி. வதனி பக்கத்தில் நித்திரை. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். பேதுரு அண்ணையின் குரல்.

"சூசை!"

பிறகு இடைவெளி. அந்த இடைவெளியில் எங்கள் கடல் கேட்டது.

"சூசை! எழும்பும் தம்பி. எங்கட செபமாலைப் பொடியன்ர போட் வரேல்லை."

திரும்பவும் கடல்.

"சூசை!"

இந்த முறை கனநேரம். மனிதன் பதிலுக்கு நிற்கிறார். வழக்கப்படி, வாசலை விட்டு அசையாமல், என் தங்கச்சியின் கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் அப்படி என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு நின்ற நேரத்தில், அதே கடலை என் கைத்தொலைபேசி எனக்குத் தாலாட்டாக ஓடவிட்டிருக்கிறது. கடைசியில் பக்கத்தில் நிற்கிற யாருக்கோ சொல்கிறார்: "நித்திரைபோல, பிள்ளை. பாவம், படுக்கட்டும். வா, அடுத்த வாசலுக்குப் போவம்."

அதற்குக் கீழே, மணித்தியாலங்கள் கழித்து ஸ்ரெல்லா எழுதியிருந்தாள். "வந்திட்டினம் அண்ணை. ஒரு பிரச்சினையும் இல்லை. நீங்கள் படுங்கோ."

குளியலறைக் கண்ணாடியில் என் முகம் நன்றாக நித்திரை கொண்ட முகமாக இருந்தது. குரல் பதிகிற பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வதனி எழும்பாத அளவுக்கு மெல்லமாக, "எழும்பீட்டன்" என்றேன். செய்தி போனது. ஒற்றைச் சரி அடையாளம் விழுந்தது, அங்கே போய்ச் சேர்ந்தது என்று காட்டுகிற இரண்டாவது விழவில்லை. அங்கே விடிந்துகொண்டிருக்கும். கைத்தொலைபேசியை நிற்பாட்டிவிட்டு ஊர் முழுக்கப் படுத்திருக்கும். மீனில் காகம் இறங்கினால் விரட்ட ஒருவரும் இல்லை.